டேப்லெட்டில் மிக்ஸர் ஓட்டுபவர்களுக்கு: வைஃபை கைவிட்டால் லேன் கேபிள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012-இல் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்ஸர் வந்தது. அதன்பின் எக்ஸ்ஆர்18 போன்ற, சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் ஃபேடரே இல்லாத பெட்டி மிக்ஸர்கள் வந்தன. நம் ஊர் மைக்செட் தொழிலின் முகமே மாறிப்போனது. மிக்ஸர் மேடையில் இருக்கிறது, ஆள் கையில் டேப்லெட்டோடு (சுருக்கமாக டேப்) கூட்டத்துக்குள் நின்று கேட்டுக் கேட்டு மிக்ஸ் செய்கிறார். எல்லா மைக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்த கனமான மல்ட்டிகோர் கேபிளைச் சுருட்டித் தோளில் தூக்கிய காலம் போயிற்று. அதோடு சேர்ந்து இன்னொன்றும் போயிற்று. கைக்கும் மிக்ஸருக்கும் நடுவே இருந்த கம்பி போய், அந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது.

வைஃபை நடுக் கச்சேரியில் விட்டுப்போனால் என்ன செய்வது என்று தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன்.

வைஃபை விட்டுப்போனால் சத்தமும் நின்றுவிடுமா?

நிற்காது. இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். டேப் என்பது வெறும் ரிமோட். பாட்டு டேப் வழியாகப் போகவில்லை. மைக்கில் இருந்து மிக்ஸருக்கும், மிக்ஸரில் இருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் கம்பியில்தான் போகிறது. டேப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே போவதெல்லாம் ‘மூன்றாவது சேனலை இவ்வளவு ஏற்று’ என்பது மாதிரியான சின்னச் செய்திகளும், மீட்டர் ஆடுவதற்கான எண்களும் மட்டுமே. தொடர்பு அறுந்தால் கடைசியாக வைத்த நிலையிலேயே மிக்ஸர் நிற்கும்.

ஆபத்து இருப்பதும் அந்தக் கடைசி நிலையில்தான். அடுத்த பாட்டுக்கு வேறொருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுபவர்கள் கேட்க மேடையில் வைத்த மானிட்டர் பாக்ஸுக்கு நேரே போய் நிற்பார். ஊளை கிளம்பும். கையில் டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். எக்ஸ்32 மேசையாக இருந்தால் ஓடிப்போய் ஃபேடரை இறக்கலாம். எக்ஸ்ஆர்18 மாதிரிப் பெட்டியில் ஹெட்ஃபோன் குமிழைத் தவிரக் கையால் தொட ஒன்றும் இல்லை. நெட்வொர்க் போனால் அந்த மிக்ஸர் பூட்டிய வீடு. அதனால் இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் பெட்டி மிக்ஸர் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம். ஃபேடர் உள்ளவர்களுக்கு நல்ல பழக்கம்.

சவுண்ட் செக்கில் அருமையாக இருந்த வைஃபை, கூட்டம் வந்ததும் ஏன் விடுகிறது?

காலி மைதானத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, நிறைந்த மைதானத்தில் ஓட்டுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். உங்களுக்கும் மேடைக்கும் நடுவே 500 பேர் வந்து உட்கார்ந்தால் அது வைஃபைக்கு ஈரச்சுவர் எழுப்பியது போல. கூடவே அந்த 500 பேர் பையிலும் போன் இருக்கிறது. ஒவ்வொன்றும் பக்கத்தில் தெரிந்த நெட்வொர்க் ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டே இருக்கும். சிலர் ஹாட்ஸ்பாட் போட்டிருப்பார்கள். சிலர் காதில் புளூடூத். மண்டபமாக இருந்தால் சமையல்கட்டில் மைக்ரோவேவ். இத்தனையும் அதே 2.4-இல்தான் அடித்துக்கொள்கின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11.

5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். இந்தியாவில் 2018-க்குப் பிறகு அந்தப் பகுதியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசை நிறையவே திறந்துவிடப்பட்டது. ஆகவே 5 ஜிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் வாங்குங்கள், அதில் 36 முதல் 48 வரையோ, 149 முதல் 161 வரையோ ஒரு சேனலைக் கையால் பூட்டி வையுங்கள். ‘ஆட்டோ’வில் விட வேண்டாம். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் உடனே சேனலை விட்டு விலகியாக வேண்டும். புதிய சேனலும் அந்தப் பகுதியிலேயே அமைந்தால், அங்கே பேசுமுன் குறைந்தது 60 விநாடி காத்திருந்து கேட்க வேண்டும். கச்சேரியில் 60 விநாடி என்பது ஒரு பல்லவி, ஒரு அனுபல்லவி.

இவ்வளவும் செய்தால் வைஃபை நன்றாக இருக்கும். ஆனாலும் அது காற்றுதான். நூற்றுக்கு நூறு என்று நான் எந்த வைஃபைக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மிக்ஸருக்குள்ளேயே வைஃபை இருக்கிறது. அதில் டேப்பை ஓட்டிக்கொண்டு, அவசரத்துக்கு லேன் கேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொள்ளலாமா?

எக்ஸ்ஆர் வரிசையில் முடியாது. பலர் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்த மிக்ஸர்களின் முகப்பில் மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று இருக்கும்: ஈதர்நெட் (லேன் கேபிள்), வைஃபை கிளையன்ட் (வேறொரு வைஃபையில் சேர்வது), ஆக்ஸஸ் பாயின்ட் (மிக்ஸரே வைஃபை தருவது). ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆக்ஸஸ் பாயின்ட்டில் வைத்து டேப்பை ஓட்டும்போது லேன் சாக்கெட் தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் கேபிளைச் செருகி வைத்திருந்தாலும் அது அலங்காரம்தான்.

அந்த உள் வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குவது. அதிகபட்சம் 4 சாதனங்கள் சேரலாம். வீட்டு ஒத்திகைக்கும் சின்ன அறைக்கும் சரி, திருவிழாவுக்கு இல்லை. ஆகவே ஸ்விட்சை ஈதர்நெட்டில் வைத்துவிட்டு, வெளியே ஒரு நல்ல ரவுட்டர் வையுங்கள். டேப்புகளுக்கு வைஃபையை ரவுட்டர் தரட்டும், மிக்ஸர் கம்பியில் உட்காரட்டும். பேக்கப்புக்கு இடமும் அப்போதுதான் பிறக்கிறது.

எக்ஸ்32, மைடாஸ் எம்32 மேசைகளில் உள் வைஃபையே கிடையாது. அவற்றில் இந்தக் குழப்பம் இல்லை. சவுண்ட்கிராஃப்ட் யுஐ24ஆர் வேறு வழியும் தருகிறது. அதில் ஹெச்.டி.எம்.ஐ. சாக்கெட்டும் யு.எஸ்.பி.யும் இருப்பதால் ஒரு கம்ப்யூட்டர் திரையையும் மவுஸையும் நேரடியாக மிக்ஸரிலேயே மாட்டலாம். நெட்வொர்க்கே தேவையில்லாத பேக்கப். அந்த மிக்ஸர் வைத்திருப்பவர்கள் மேடை ஓரத்தில் ஒரு பழைய திரையை மாட்டி வைக்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ரவுட்டரில் இருந்து லேப்டாப்புக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டேன். பேக்கப் தயார்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் அம்மன் கொடை. மேடைக்குக் கீழே ரவுட்டர். அதிலிருந்து மிக்ஸருக்கு ஒரு கேபிள், 40 மீட்டர் தள்ளி நான் உட்கார்ந்த இடத்தில் லேப்டாப்புக்கு ஒரு கேபிள். கையில் டேப். வைஃபை விட்டாலும் லேப்டாப் இருக்கிறது என்ற தைரியம். இரவு பதினொன்றரைக்கு டேப் செத்தது. லேப்டாப் பக்கம் திரும்பினேன், அதுவும் அதே நொடியில் செத்திருந்தது. போனது வைஃபை மட்டும் இல்லை. மேடைக்கடியில் வெக்கையில் கிடந்த ரவுட்டரின் அடாப்டர். ரவுட்டருக்குக் கரண்ட் இல்லை என்றால் அதன் லேன் துளைகளுக்கும் உயிர் இல்லை. பாடகி பல்லவியைத் திருப்பி எடுக்கும்போது மானிட்டர் கூவ ஆரம்பித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஓடி, மானிட்டர் ஆம்ப்பை அணைத்த பிறகுதான் அடங்கியது. மேடையில் நின்ற அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. தப்பு அவருடையது என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று கற்றது இது: பேக்கப் கேபிள் எந்தப் பொருளை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். வைஃபையும் கேபிளும் ஒரே பெட்டியில், ஒரே அடாப்டரில் முடிந்தால் உங்களிடம் இருப்பது ஒரே வழி, இரண்டு கதவு.

நான் இப்போது வைப்பது இப்படி. 5 துளை உள்ள ஒரு சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது பல லேன் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் சின்னப் பெட்டி. விலையும் அதிகம் இல்லை. மிக்ஸரில் இருந்து கேபிள் ஸ்விட்சுக்குப் போகும். ஸ்விட்சில் இருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்கு, இன்னொன்று லேப்டாப்புக்கு. ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் தனித்தனி கரண்ட். சின்ன ஸ்விட்சுகளில் பல 5 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரைப் பார்த்து 5 வோல்ட் என்று உறுதி செய்துகொண்டு, யு.எஸ்.பி. வயர் வழியாக பவர் பேங்கிலேயே ஓட்டலாம். மிகக் குறைந்த கரண்ட் இழுத்தால் தானாக அணைந்துவிடும் பவர் பேங்குகள் உண்டு, அதை மட்டும் முன்கூட்டியே வீட்டில் ஓட்டிப் பாருங்கள். இனி ரவுட்டர் எரிந்தாலும் மிக்ஸர்–ஸ்விட்ச்–லேப்டாப் பாதை அப்படியே நிற்கும். டேப் சாகும், நீங்கள் சாக மாட்டீர்கள்.

ஐ.பி. முகவரியைத் தானாக எடுத்துக்கொள்ள விட்டால் போதாதா?

மேலே சொன்ன ஸ்விட்ச் ஏற்பாடு முழுப்பலன் தர வேண்டும் என்றால் போதாது. ஐ.பி. முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண். அதைத் தானாகத் தருவது ரவுட்டருக்குள் இருக்கும் டி.எச்.சி.பி. ரவுட்டர் செத்த பிறகு லேப்டாப் கேபிளைக் கழற்றி மாட்டினால், அது முகவரி கேட்கும், கொடுக்க ஆள் இருக்காது. கொஞ்ச நேரம் காத்திருந்து 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும். மிக்ஸர் வேறு முகவரியில் நிற்கும். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பேச்சு இருக்காது.

ஆகவே மிக்ஸருக்கும் பேக்கப் லேப்டாப்புக்கும் நிலையான முகவரி கொடுத்துவிடுங்கள். என் பெட்டியில் ரவுட்டர் 192.168.50.1, மிக்ஸர் 192.168.50.10, லேப்டாப் 192.168.50.20, எல்லாவற்றுக்கும் மாஸ்க் 255.255.255.0. டேப்புகள், போன்கள் மட்டும் 100-க்கு மேல் தானாக எடுத்துக்கொள்ளும். ‘50’ என்று போட்டதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களும் மண்டபத்து ரவுட்டர்களும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையில்தான் இருக்கும். தெரியாமல் இரண்டும் கலந்தால் தலைவலி.

இந்த எண்களை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மிக்ஸர் ரேக்கின் உள்கதவில் ஒட்டுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்து வேறு ஆள் போகும் இரவில் அந்த ஸ்டிக்கர் பேசும்.

மிக்ஸர் பின்னால் ஒரே மாதிரி நாலைந்து லேன் சாக்கெட் இருக்கிறது. எதில் செருகுவது?

‘ஈதர்நெட்’ என்று எழுதியதில் மட்டும். எக்ஸ்32-இல் ஏ.இ.எஸ்.50 ஏ, பி என்று இரண்டு இருக்கும். அவை மேடையில் மைக்குகளைச் செருகும் ஸ்டேஜ் பாக்ஸுக்கானவை. ‘அல்ட்ராநெட்’ என்று ஒன்று இருக்கும், அது இசைக்கலைஞர்கள் பக்கத்தில் வைக்கும் பி16 மானிட்டர் மிக்ஸருக்கானது. எக்ஸ்ஆர்18-இலும் அல்ட்ராநெட் சாக்கெட் உண்டு. சாக்கெட்டின் உருவம் ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. அல்ட்ராநெட்டை ரவுட்டரிலோ ஸ்விட்சிலோ செருகவே கூடாது. பி16 விநியோகப் பெட்டியில் இருந்து வரும் கேபிளில் கரண்டும் சேர்ந்து வரும், அது உங்கள் ஸ்விட்சைப் பதம் பார்க்கலாம். ஈதர்நெட் சாக்கெட்டைச் சுற்றி நான் மஞ்சள் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருக்கிறேன், கேபிளின் இரண்டு முனையிலும் அதே மஞ்சள். இருட்டில் டார்ச் அடித்தால் போதும், பையனுக்குச் சொல்லத் தேவையில்லை.

ரவுட்டர் பக்கம் ‘வேன்’ (WAN) என்று எழுதிய, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் துளையைத் தொடாதீர்கள். அது இன்டர்நெட் உள்ளே வரும் வாசல். அதில் மிக்ஸரைச் செருகினால் டேப்புக்கு மிக்ஸர் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை. வெளியிடத்துக்கான ஆக்ஸஸ் பாயின்ட்டுகள் சிலவற்றுக்குக் கரண்டும் லேன் கேபிளிலேயே போகும். அதற்கு ஒரு சின்னப் பெட்டி வரும், ‘பி.ஓ.இ.’, ‘லேன்’ என்று இரண்டு துளை. பி.ஓ.இ. துளை ஆக்ஸஸ் பாயின்ட்டுக்கு மட்டும். அவசரத்தில் மாற்றி மிக்ஸருக்குச் செருகினால், எதையும் கேட்காமல் 24 வோல்ட்டைத் தள்ளும் பெட்டிகள் உண்டு. மிக்ஸரின் நெட்வொர்க் பகுதி தாங்காது.

பேக்கப் லேப்டாப்பில் வைஃபையும் கேபிளும் இரண்டுமே இருக்கலாமா?

வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் எந்த வழியாகப் பேசுகிறது என்று உங்களுக்கே தெரியாது. கேபிளில் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் வைஃபையில் ஓடும், அது போகும்போது சேர்ந்து போகும்.

லேப்டாப்பைத் திறந்து, மிக்ஸரை ஓட்டும் எடிட் மென்பொருளை மிக்ஸரோடு சேர்த்து, மீட்டர் ஆடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே பக்கத்தில் வையுங்கள். எக்ஸ்32 எடிட், எக்ஸ் ஏர் எடிட், மிக்ஸிங் ஸ்டேஷன் எல்லாமே ஒரே நேரத்தில் பல சாதனங்களில் ஓடும். டேப்பில் ஃபேடரை நகர்த்தினால் லேப்டாப் திரையிலும் நகரும். அது நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பேக்கப் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. மூடி வைத்த லேப்டாப் திறந்து, பாஸ்வேர்ட் போட்டு, அப்டேட் கேட்டு, மென்பொருள் திறப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். ஸ்லீப் போகாமல் செட்டிங் மாற்றுங்கள். நெட்வொர்க் கார்டைக் கரண்ட் சேமிக்க அணைக்கலாம் என்றொரு டிக் விண்டோஸில் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். மென்பொருளை முதல் தடவை திறக்கும்போது ஃபயர்வால் அனுமதி கேட்கும். அதை வீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும்.

லேப்டாப் இல்லை. டேப்பிலேயே லேன் கேபிள் மாட்டலாமா?

மாட்டலாம். டைப்-சி உள்ள ஐபேடில் லேன் துளையுள்ள ஹப் போட்டால் செட்டிங்ஸில் ஈதர்நெட் என்று ஒரு வரி தோன்றும். பழைய லைட்னிங் ஐபேடுக்கு கேமரா அடாப்டர் வழியாக, சார்ஜரும் மாட்டி, யு.எஸ்.பி. லேன் அடாப்டர் போட வேண்டும். ஆண்ட்ராய்டில் ஓ.டி.ஜி. (யு.எஸ்.பி. சாதனங்களை டேப்பில் மாட்டும் வசதி) உள்ள பலவற்றில் வேலை செய்கிறது, சிலவற்றில் செய்வதில்லை. உங்கள் டேப்பையும் உங்கள் அடாப்டரையும் சேர்த்துச் சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. கடைக்காரர் சொன்னதை நம்பி ஷோவுக்குப் போகாதீர்கள்.

ஹப்பில் சார்ஜ் ஏறும் துளையும் இருப்பதை வாங்குங்கள். விடிய விடிய நடக்கும் நிகழ்ச்சியில் டேப் சார்ஜ் இறங்குவதும் தொடர்பு அறுவதற்கு ஒரு காரணம்தான்.

வைஃபையில் ஓட்டும் டேப், போன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். இன்டர்நெட் இல்லாத வைஃபையைப் பார்த்தால் ஆண்ட்ராய்டு தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும். ஐபேடில் ஐபேட்ஓஎஸ் 14 முதல், ஒவ்வொரு செயலிக்கும் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி தனியாகத் தர வேண்டும். முதல் தடவை தெரியாமல் மறுத்திருந்தால் மிக்ஸர் பட்டியலில் வரவே வராது, எல்லோரும் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

என்ன கேபிள்? எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

கேட்-5இ போதும், 100 மீட்டர் வரை. அதற்கு மேல் என்றால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்து நீட்டலாம். மைதானத்தில் அந்தத் தூரம் அபூர்வம்.

வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. சுருட்டி விரித்துச் சுருட்டி விரித்து உள்ளே ஒடிந்துபோகும், வெளியே தெரியாது. வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பிக் கேபிளைவிட, மெல்லிய இழைகள் உள்ள வளையும் கேபிள்தான் ஊர் ஊராகப் போகும் வேலைக்கு உகந்தது. பிளாஸ்டிக் முனையின் நாக்கு ஒடிவது தினப்படி நடப்பது. நாக்கு ஒடிந்த கேபிள் செருகினாற்போலவே இருக்கும், யாராவது காலால் தட்டினால் கழன்றுவிடும். ஒடிந்த அன்றே வெட்டிப் புது முனை போடுங்கள். வசதி இருந்தால் ஈதர்கான் உறை போட்ட முனை வாங்குங்கள், நியூட்ரிக் உருவாக்கிய அந்த உலோக உறை மைக் கேபிள் முனை மாதிரி அழுந்திப் பிடிக்கும்.

இழுக்கும்போது ஜெனரேட்டர் கேபிளோடும் லைட் டிம்மர் கேபிளோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர்கோணத்தில் கடக்கட்டும். சப்பரம் வரும் பாதை, தண்ணீர் லாரி வரும் பாதை எது என்று விழாக் கமிட்டியிடம் பகலிலேயே கேட்டு, அந்த இடத்தில் மேலே தூக்கிக் கட்டுங்கள். இடி மின்னல் தொடங்கினால் திறந்தவெளி லேன் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள். நீளமான தாமிரக் கம்பி மின்னலின் அதிர்வை நேராக மிக்ஸருக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

எல்லோரும் மிக்ஸர் ரேக்கிலேயே, மேடைக்கடியில் வைக்கிறோம். தலைக்கு மேலே, பந்தல் கம்பத்தில் ஆறேழு அடிக்கு மேல் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். இரும்பு ட்ரஸ்ஸோடு ஒட்டியும், எல்.இ.டி. திரைக்குப் பின்னாலும் வைக்காதீர்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பேக்கப்புக்காக எப்படியும் மேடையில் இருந்து உங்கள் இருக்கை வரை லேன் கேபிள் இழுக்கிறீர்கள். அப்படியானால் ரவுட்டரை ஏன் மேடையில் வைக்க வேண்டும்? கேபிளின் உங்கள் முனையில் வையுங்கள். டேப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே 3 மீட்டர், கூட்டமே குறுக்கே இல்லை. வைஃபை விட்டுப்போகும் சந்தர்ப்பமே அருகிவிடும். நீளமான தூரத்தைக் கம்பி கடக்கிறது, காற்று கடைசிப் பத்து அடியை மட்டும் கடக்கிறது.

அந்தக் கேபிளை யாராவது வெட்டிவிட்டால்? அதற்காக மேடையில் இரண்டாவது ஆக்ஸஸ் பாயின்ட் ஒன்று, வேறு பெயரில், வேறு சேனலில், மிக்ஸர் பக்கத்து ஸ்விட்சில். அதன் டி.எச்.சி.பி. அணைந்திருக்க வேண்டும், ஒரு நெட்வொர்க்கில் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்கலாம். உங்கள் முனை ரவுட்டரோடு தொடர்பு அறும் நாளில் அவசர டேப்புக்கு முகவரி யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பதால், அந்த ஒரு டேப்பில் மேடை வைஃபைக்கு நிலையான முகவரியைக் கையால் போட்டு வையுங்கள். கீபோர்டுக்காரரும் தபலாக்காரரும் தங்கள் மானிட்டரைத் தாங்களே போனில் சரிசெய்வதாக இருந்தால் அவர்களும் அதிலேயே இருக்கலாம். கேபிளுக்கு வைஃபை காவல், வைஃபைக்குக் கேபிள் காவல். நான் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

பாதுகாப்பு அதிகமாகட்டும் என்று இரண்டு கேபிள் ஒரே ஸ்விட்சுக்குப் போட்டால்?

ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே இரண்டு கேபிள் ஒரே நேரத்தில் செருகினால் செய்தி வட்டமடித்து வட்டமடித்து நெட்வொர்க்கே மூச்சுத்திணறி நின்றுவிடும். சாதாரண ஸ்விட்சுக்கு அதைத் தடுக்கத் தெரியாது. இரண்டாவது கேபிளை இழுத்து வையுங்கள், முனையைச் செருகாமல் வையுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியில் எல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது. என்ன செய்ய?

மிக்ஸருக்கு ஒரு கம்ப்யூட்டர் யு.பி.எஸ்., ரவுட்டருக்குத் தனியாக 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். (ரவுட்டருக்கென்றே விற்கிறார்கள்), ஸ்விட்சுக்குப் பவர் பேங்க். யு.பி.எஸ். இல்லாமல் எல்லாம் அணைந்து எழும்போது மிக்ஸர் சீக்கிரம் எழுந்துவிடும், ரவுட்டர் முழுதாக எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதன்பிறகு டேப் தானாகச் சேர இன்னும் கொஞ்சம். அந்த இடைவெளியை லேப்டாப் கேபிள்தான் தாங்கும். மிக்ஸ் அமைந்ததும் எல்லா அமைப்பையும் ஸ்நாப்ஷாட்டாக (எக்ஸ்32-இல் அதன் பெயர் சீன்) சேமித்துவிடுங்கள். எக்ஸ்ஆர்18-இல் 64 இடம், எக்ஸ்32-இல் 100 சீன் இருக்கிறது, கஞ்சத்தனம் வேண்டாம்.

மண்டபத்து வைஃபையிலேயே சேர்ந்துகொள்ளலாமா? லைட்காரர்கள் எங்கள் ஸ்விட்சில் ஒரு துளை கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் மரியாதையாக மறுப்புச் சொல்லுங்கள். மண்டபத்து விருந்தினர் வைஃபையில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் தடுத்திருப்பார்கள், மிக்ஸர் தெரியவே தெரியாது. லைட்டுகளை நெட்வொர்க் வழியாக ஓட்டும் ஆர்ட்-நெட் செய்திகளைச் சில அமைப்புகளில் எல்லாத் துளைக்கும் சேர்த்துக் கொட்டும், மிக்ஸர் செய்தி அதற்குள் மாட்டிக்கொள்ளும். அவர்களுக்குத் தனி ஸ்விட்ச்.

வைஃபைக்குப் பாஸ்வேர்ட் அவசியமா? அவசரத்துக்குத் திறந்து வைப்பது நல்லது இல்லையா?

அவசியம். எக்ஸ்ஆர் மிக்ஸர்களின் உள் வைஃபை வாங்கியபடியே இருந்தால் பாஸ்வேர்ட் இல்லாமல்தான் இருக்கும். அதற்கான செயலி இலவசம். கூட்டத்தில் இருக்கும் எந்தச் சிறுவனும் அதைப் போட்டு உங்கள் மாஸ்டரை ஏற்றலாம். ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2 பாஸ்வேர்ட் போட்டு, நெட்வொர்க் பெயரையும் மறைக்காமல் சாதாரணமாக ஏதாவது வையுங்கள். ‘சவுண்ட் மிக்ஸர்’ என்று விளம்பரம் வேண்டாம்.

இதெல்லாம் வேலை செய்யும் என்று எப்படி உறுதி செய்வது?

பிடுங்கிப் பாருங்கள். சவுண்ட் செக் முடிந்ததும், பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ரவுட்டரின் கரண்டைப் பிடுங்குங்கள். டேப் விட்டுப்போகும். லேப்டாப்பில் ஒரு ஃபேடரை இறக்கி ஏற்றுங்கள், சத்தம் இறங்கி ஏற வேண்டும். ரவுட்டரைத் திரும்ப மாட்டி, டேப் தானாகச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். அடுத்து லேப்டாப் கேபிளைப் பிடுங்கி மாட்டுங்கள். மொத்தமே ஐந்து நிமிடம். விழாக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், டீ வந்திருக்கும், பாடகர் வந்துவிட்டார் என்பார்கள். இந்த ஐந்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நடுப்பாட்டில் டேப் விட்டுப்போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

டேப்பைக் கீழே வையுங்கள். செயலியை மூடித் திறப்பது, வைஃபையை அணைத்துப் போடுவது எல்லாம் பிறகு. முதலில் லேப்டாப்புக்குக் கை போகட்டும், பாடுபவரின் மானிட்டர் அனுப்பலை ஒரு 3 டெசிபெல் இறக்குங்கள், ஊளை கிளம்பும் வாய்ப்பு குறையும். கூட்டத்துக்குப் போகும் முன்பக்கச் சத்தம் அப்படியே இருக்கட்டும். அதன்பிறகு பக்கத்தில் இருக்கும் தம்பியிடம் டேப்பைக் கொடுத்துத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்ததும் உடனே எதையும் தொடாமல், டேப் திரையில் உள்ள ஃபேடர் நிலைகள் லேப்டாப் திரையோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அந்தப் பாட்டு முடியும்வரை லேப்டாப்பிலேயே ஓட்டுங்கள்.